ஓலைப் பெட்டியும் ஒரு மூலையும்

"குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்திலே" என்பது நம் முன்னோர் வாக்கு. அப்படிக் கொண்டாடுவதற்குப் பெரிய மாளிகை வேண்டுமா? விலை உயர்ந்த பொருள்கள் வேண்டுமா? வேண்டியதில்லை என்பதை 2025 ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவின்போது நாங்கள் நேரிலேயே கண்டோம். அப்போது நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தோம். 2026 ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5 ஆம் நாள் வருகிறது. அது எங்களுக்குத் தேர்வுக் காலம். ஆகவே இந்த வேலை இனி எங்கள் தங்கைகளின் கையில்தான் இருக்கிறது. நாங்கள் கற்றுக்கொண்டதையும், தவறு செய்து திருத்திக்கொண்டதையும் அவர்களுக்குச் சொல்லி வைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எங்கள் முதல் திட்டம்

அந்த ஆண்டு மார்ச் 5 ஆம் நாள் திருநீற்றுப் புதன். அன்று முதல் தவக்கால உண்டியலில் எங்கள் வகுப்பார் காசு சேர்த்தோம். மிட்டாய், ஐஸ், பேருந்து நிலையத்துக் கடையில் வாங்கும் வளையல் ஆகியவற்றை விட்டுவிட்டுச் சேர்த்த பணம் அது. அதைக் கொண்டு பள்ளிக்கு அருகிலுள்ள ஒரு தெருவில் இருக்கும் நாற்பது குழந்தைகளுக்கு உயிர்ப்பு விழாக் கூடை கொடுப்பது என்றும், அவர்களுள் ஒரு குழந்தைக்குப் படுக்கையறையை அழகு செய்து கொடுப்பது என்றும் முடிவு செய்தோம்.

ஒரு படத்தில் நாங்கள் கண்ட அறை எங்கள் மனத்தில் இருந்தது. இளஞ்சிவப்புச் சுவர், கூரையில் மின்னும் நட்சத்திரங்கள், வெள்ளைத் திரை, கட்டிலில் ஒரு துணி முயல் என எல்லாம் அழகாக இருந்தன. கூடைக்குப் பிளாஸ்டிக் புல், மினுமினுக்கும் காகிதம், சாக்லேட் முட்டை என்று பட்டியல் போட்டுக்கொண்டு எங்கள் வகுப்பு ஆசிரியையான சிஸ்டரிடம் போய் நின்றோம். அவர் பட்டியலை முழுவதும் படித்துவிட்டு, "அறையை அழகு செய்யப் போகிறீர்கள், சரி. அந்த அறையை நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டார். எங்களில் ஒருத்தியும் பார்த்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆறு பேர் போனோம். அது பீடி சுற்றும் தெரு. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் வட்டாரங்களில் பீடி சுற்றுவது பல்லாயிரம் பெண்களுக்கு வீட்டுத் தொழில் என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் போன வீட்டிலும் அந்த அக்கா மடியில் சுளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். சுளவில் வெட்டிய இலையும் புகையிலைத் தூளும் இருந்தன. அவருக்குப் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில், மூன்று வயதுப் பெண் குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் அந்த அக்கா சிரித்துவிட்டார். "ரூமா? நல்லாக் கேட்டிய பிள்ளையளே! இந்த வீடே ஒரு ரூம்தான். அஞ்சு பேரு இதுலதான் கெடக்கோம். இதுல இவளுக்குத் தனி ரூமுக்கு நான் எங்க போவேன்?" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தக் குழந்தை தூக்கத்தில் இருமிக்கொண்டே இருந்தது. "ராத்திரி பூரா இப்படித்தான்" என்றார் அக்கா.

திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை. மறுநாள் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம்.

முட்டையும் கூடையும் வந்த வழி

முதலில் உயிர்ப்பு விழாவுக்கும் முட்டைக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்போம். பழங்காலத்தில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் தவக்காலம் நாற்பது நாளும் இறைச்சியோடு முட்டையையும் ஒறுத்து வந்தார்கள். மனிதர் ஒறுத்தாலும் கோழி முட்டையிடுவதை நிறுத்துமா? நாற்பது நாளில் வீட்டில் முட்டைகள் சேர்ந்துவிடும். அவற்றை வேகவைத்து, நிறமேற்றி, விழாவன்று பிள்ளைகளுக்கும் ஏழைகளுக்கும் கொடுத்தார்கள். மூடிய ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வெளிவருவதைப் போலக் கிறிஸ்து கல்லறையைத் திறந்து வந்தார் என்று அதற்குப் பொருளும் சொன்னார்கள். கிரேக்க நாட்டில் இன்றும் முட்டைக்குச் சிவப்பு நிறமே ஏற்றுகிறார்கள். அது கிறிஸ்துவின் இரத்தத்தைக் குறிக்கும். உக்ரைன் நாட்டுப் பெண்கள் மெழுகால் கோலமிட்டு நிறமேற்றும் கலையை 2024 ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கூடைக்கும் ஒரு வரலாறு உண்டு. போலந்து நாட்டில் புனித சனிக்கிழமையன்று ஒவ்வொரு குடும்பமும் முட்டை, ரொட்டி, உப்பு, இறைச்சி ஆகியவற்றை ஒரு சிறு கூடையில் வைத்து, வெள்ளைத் துணியால் மூடிக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வருகிறது. மறுநாள் காலை அதைப் பகிர்ந்து உண்டு ஒறுத்தலை முடிக்கிறார்கள். முயல் முட்டை கொண்டுவந்து தோட்டத்தில் ஒளித்து வைக்கும் என்ற பிள்ளைக் கதை ஜெர்மன் மொழி பேசும் மக்களிடம் பிறந்தது. 1682 ஆம் ஆண்டிலேயே கியோர்க் பிராங்க் என்ற மருத்துவர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அம்மக்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறியபோது முயலும் கூடவே கப்பலேறியது. பின்னால் சாக்லேட்டும் கடைகளும் சேர்ந்துகொண்டன.

ஆகவே கூடை நம் ஊர் வழக்கமன்று. ஆனால் அதன் உட்பொருள் நமக்குப் புதிதல்ல. ஒறுத்துச் சேர்த்ததை விழாவன்று பகிர்ந்து கொடுப்பதே அது.

கூடை நம் ஊரில் இல்லையா?

பிளாஸ்டிக் கூடையும் பிளாஸ்டிக் புல்லும் ஒரே நாளில் குப்பைக்குப் போகும். மழைக்காலத்தில் அதே குப்பை வாய்க்காலை அடைக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பல பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை செய்திருக்கிறார்கள். அப்படியிருக்க, ஒரு நல்ல நாளில் அதையே பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?

நம் பக்கத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். கொட்டான், கடகம், ஓலைப்பெட்டி, பதநீர் குடிக்கும் பட்டை என்று எத்தனை பொருள்கள் அதன் ஓலையிலிருந்து வருகின்றன! அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான்களை நினைத்துப் பாருங்கள். சின்ன அடுப்பு, சின்னக் குடம், சின்ன ஆட்டுக்கல் எல்லாவற்றையும் ஓலைப்பெட்டியில் அடைத்துத்தானே விற்கிறார்கள்? குற்றாலத்தில் சீசன் கடைகளில் அந்தப் பெட்டிக்காக அழாத குழந்தை நம்மில் யார்? நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி எப்போதும் ஓலைப்பெட்டியில்தான் வந்திருக்கிறது. இதை ஒரு தோழி சொன்னவுடன் கூடைப் பேச்சு முடிந்துவிட்டது.

ஓலைப் பெட்டி முடைவது எப்படி?

எங்களுக்கு முடையக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தோழி ஒருத்தியின் ஆச்சி. ஒரு வாரம் மாலை வேளைகளில் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து பழகினோம். முறை இதுதான்.

இன்னும் விரியாத குருத்தோலையே பெட்டிக்கு ஏற்றது. அது வெளுத்த மஞ்சளாக, வளைந்து கொடுக்கும் பதத்தில் இருக்கும். முற்றிய சாரோலை மடித்தால் வெடிக்கும். ஒரே மரத்தில் திரும்பத் திரும்பக் குருத்தை வெட்டினால் மரம் நலிந்துவிடும் என்பதால், மரம் ஏறுகிறவரிடம் பல மரங்களில் ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்ல வேண்டும்.

ஓலையை வெயிலில் காயவைத்து, நடுவிலுள்ள ஈர்க்கை நீக்கிவிட வேண்டும். பிறகு அரை அங்குல அகலத்தில் ஒரே சீராகக் கிழித்துக்கொள்ள வேண்டும். முடைவதற்கு முன் சிறிது நேரம் தண்ணீரில் நனைத்து, ஈரத் துணியில் சுற்றி வைத்தால் ஓலை முறியாது.

நான்கு அங்குலச் சதுரப் பெட்டிக்குப் பதினைந்து அங்குல நீளத்தில் பதினாறு கீற்றுகள் தேவை. எட்டைப் பக்கம் பக்கமாகத் தரையில் பரப்பி, மற்ற எட்டைக் குறுக்கே ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோத்து, நெருக்கி இழுத்தால் அடிப்பாகம் ஆயிற்று. இப்போது நான்கு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை மேல்நோக்கி மடக்க வேண்டும். மொத்தம் முப்பத்திரண்டு முனைகள் இருக்கும். பத்தொன்பது அங்குல நீளக் கீற்று ஒன்றை எடுத்து, இம்முனைகளுக்கு வெளியேயும் உள்ளேயுமாக மாறி மாறிச் செலுத்திச் சுற்றி வந்து, நுனியைத் தொடங்கிய இடத்தில் செருக வேண்டும். அடுத்த சுற்றுக்குத் தனிக் கீற்று. முதல் சுற்றில் வெளியே போன இடத்தில் இரண்டாம் சுற்று உள்ளே போக வேண்டும். இதை மறந்தால் பின்னல் பிடிக்காது. எங்களில் பாதிப் பேர் முதல் நாள் இங்கேதான் தோற்றோம்!

ஐந்து சுற்று போதும். மேல் சுற்றுக்கு வெளியே நிற்கும் முனைகளை விளிம்பின்மேல் உட்புறமாக மடித்து, கீழ்ச் சுற்றினுள் செருக வேண்டும். உள்ளே நிற்கும் முனைகளை விளிம்போடு நறுக்கிவிடலாம். மூன்று கீற்றுகளைச் சடைபோலப் பின்னி, இரு பக்கமும் அடிவரை செருகினால் கைப்பிடி ஆகும். ஆக ஒரு பெட்டிக்கு இருபத்து நான்கு கீற்றுகள். சாயமேற்ற ஆசையிருந்தால் கைப்பிடிக் கீற்றுக்கு மட்டும் ஏற்றுங்கள். உண்ணும் பொருள் படும் இடத்தில் சாய ஓலை வேண்டாம், ஈரம் பட்டால் சாயம் கசியும்.

ஒன்றை மறக்கக் கூடாது. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்த ஓலையைப் பெட்டிக்கு எடுக்கலாகாது. அதைச் சிலுவையாகப் பின்னி வீட்டில் வைப்பதும், அடுத்த ஆண்டு திருநீற்றுப் புதனுக்குமுன் கோயிலில் கொடுத்துச் சாம்பலாக்குவதும்தான் முறை.

முட்டைக்கு நிறமேற்றுவது எப்படி?

வெள்ளை ஓட்டு முட்டையில் நிறம் நன்றாகத் தெரியும். முட்டையைக் குளிர்ந்த நீரில் இட்டு அடுப்பில் வையுங்கள். கொதித்தபின் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவிட்டு, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள்.

நிறத்துக்குக் கடைப்பொடி தேவையில்லை. இரண்டு தம்ளர் தண்ணீரில் இரண்டு கைப்பிடி வெங்காயத் தோலை இருபது நிமிடம் கொதிக்கவிட்டால் செம்பழுப்பு கிடைக்கும். மஞ்சள் தூளில் மஞ்சளும், பீட்ரூட்டில் இளஞ்சிவப்பும் வரும். வடிகட்டி ஆறிய சாயத்தில், தம்ளருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்க்க வேண்டும். இது ஏன்? முட்டை ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அமிலம் அதன் மேற்பரப்பை மிக இலேசாக அரிக்கும். அந்த இடத்தில் நிறம் பற்றிக்கொள்ளும். அறிவியல் பாடத்தில் சுண்ணாம்புக் கல்லின்மேல் அமிலம் பட்டால் நுரைப்பதைப் படித்தோமே, அதுவேதான் இது.

முட்டையின்மேல் முருங்கை இலை ஒன்றை ஒட்டவைத்து, மெல்லிய துணியால் இறுகக் கட்டிச் சாயத்தில் இட்டால், இலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். மெழுகுவர்த்தித் துண்டால் சிலுவையோ, பூவோ, குழந்தையின் பெயரின் முதல் எழுத்தோ வரைந்துவிட்டு நிறமேற்றினாலும் அப்படியே. சாயம் ஆறியிருக்க வேண்டும், சூடாக இருந்தால் மெழுகு உருகிவிடும். எங்கள் வகுப்பில் மிகவும் ரசித்த வேலை இதுதான். கணக்குப் பாடத்தில் வாயே திறக்காத தோழி ஒருத்தி முட்டையில் ஐந்தருவியையே வரைந்துவிட்டாள்!

நம் ஊர் ஏப்ரல் வெயிலில் வெந்த முட்டை விரைவில் கெடும். எனவே புனித சனிக்கிழமை மாலை நிறமேற்றி, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, கொடுக்கும் நேரத்தில்தான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். விரிசல் விட்டதைக் கொடுக்கக் கூடாது. "ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடக் கொடுத்துவிடுங்கள்" என்று தாய்மாரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெட்டிக்குள் என்ன வைக்கலாம், என்ன வைக்கக் கூடாது?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கும்படி வேண்டுகிறோம்.

2024 ஆம் ஆண்டு, நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, உயிர்ப்பு ஞாயிறன்று பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் கொடுத்தோம். ஏறக்குறைய இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்கு அது தொண்டையில் அடைத்துக்கொண்டது. அழவும் முடியவில்லை, சத்தமும் வரவில்லை, உதடு நீலமாகிவிட்டது. கொடுத்த நாங்கள் கல்லாய் நின்றோம். பக்கத்திலிருந்த ஓர் அம்மா ஓடிவந்து, குழந்தையைத் தம் தொடைமேல் தலை தாழக் கவிழ்த்து, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். மூன்றாம் தட்டில் துண்டு வெளியே விழுந்தது. அதன்பின் அது அழுத அழுகையைப் போல் இனிமையான ஓசையை நாங்கள் கேட்டதில்லை. மிட்டாயின்மேல் குற்றமில்லை. வயதறியாமல் கொடுத்த எங்கள் மேல்தான் குற்றம்.

குழந்தைக்குக் கடைவாய்ப் பல் முழுதாக வந்து மெல்லப் பழகும்வரை முழுக் கடலை, கெட்டி மிட்டாய், முழுத் திராட்சை போன்றவை ஆகா. ஐந்து வயதுக்குமேல்தான் கொடுக்க வேண்டும். பலூன், கோலிக்குண்டு, காசு, பொம்மைக்குள் இருக்கும் பொத்தான் போன்ற மின்கலம் ஆகியவை சிறு குழந்தைக்கு அருகிலேயே வரக் கூடாது. அப்படியும் அடைத்துக்கொண்டால் முதுகில் ஐந்து முறை தட்ட வேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையானால், அதற்கும் வராதபோது பின்னால் நின்று அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே ஐந்து முறை உள்நோக்கி மேலாக அழுத்த வேண்டும். இரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108 ஐ அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துண்டை விரல்விட்டுத் துழாவக் கூடாது, அது இன்னும் உள்ளே போகும். இந்தப் பயிற்சியைப் பள்ளியில் ஒரு செவிலியர் எங்களுக்குச் செய்து காட்டிய பிறகுதான் மறு ஆண்டு பெட்டி முடையத் தொடங்கினோம்.

ஆகவே 2025 இல் இரண்டு வகைப் பெட்டிகள் செய்தோம். சின்னவர்களுக்கு நிறமுட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு துணிப் பந்து, ஒரு கைக்குட்டை. பெரியவர்களுக்கு முட்டையுடன் எள்ளுருண்டை, கோவில்பட்டிக் கடலை மிட்டாய், வண்ணப் பென்சில், நாங்களே தைத்த சிறு நோட்டு. சின்னவர்களின் பெட்டிக்கு மஞ்சள் கைப்பிடி, பெரியவர்களுக்குச் சிவப்பு என்று அடையாளம் வைத்தோம். புல்லுக்குப் பதில் ஓலை நறுக்கையே அடியில் பரப்பினோம். சாக்லேட் வாங்கவில்லை. நம் வெயிலில் வீடு போய்ச் சேருமுன் அது குழம்பாகிவிடுமே!

அந்தத் தெருவில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறார்கள். நம் பங்குப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால், அடுத்த வீட்டுப் பிள்ளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். வாசலில் ஒரு குழந்தையை ஏங்க விட்டுவிட்டு விழாக் கொண்டாடுவது எப்படி? எனவே ஒரு வீட்டையும் விடவில்லை.

அறை இல்லாத வீட்டில் குழந்தையின் அறை

இனி அந்த மூன்று வயதுக் குழந்தைக்கு வருவோம். அறை இல்லை என்றால் என்ன? ஒரு மூலை இருக்கிறதே! ஆறடிக்கு நான்கடி இடத்தை அந்த அக்கா எங்களுக்குக் காட்டினார். அதில் நாங்கள் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் இடம். சன்னலுக்கு அருகே, காற்று வரும் பக்கத்தைக் குழந்தைக்கு எடுத்துக்கொண்டோம். புகையிலையில் நிகோடின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. அதன் தூள் மூச்சோடு உள்ளே போகும். ஈரக் கையில் ஒட்டினால் தோல் வழியாகவும் போகும். குழந்தையின் இருமலுக்குக் காரணம் அதுதான் என்று சொல்ல நாங்கள் மருத்துவர்கள் அல்லர். ஆனால் தூளுக்கும் குழந்தைக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதற்கு மருத்துவர் தேவையில்லை. சுளவை வெளித் திண்ணைக்கு மாற்ற முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். "திண்ணையில வெயிலு வரும். வெயில்ல எலை காஞ்சிட்டா சுத்த முடியாது. ஆயிரம் சுத்தினாத்தான் எனக்குக் கூலி" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தானே? திண்ணைக்கு ஒரு தென்னந்தட்டிப் பந்தல் போட்டால் இலை காயாது என்று எங்களுடன் வந்த ஒரு தோழியின் தந்தை யோசனை சொன்னார். சேர்த்த பணத்தில் பெரும்பகுதி அந்தத் தட்டிக்கே போயிற்று. மின்னும் நட்சத்திரங்களுக்கென்று வைத்திருந்த பணம் அது. அதைவிட நல்ல செலவு நாங்கள் செய்ததில்லை.

இரண்டாவது சுவர். பழைய பெயிண்டு பொரிந்து உதிரும் சுவர் குழந்தைக்கு ஆபத்து. சில பழைய பெயிண்டுகளில் ஈயம் உண்டு. உதிர்ந்த செதிலை வாயில் வைத்தால் அது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து இலட்சத்துக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. புதிய டப்பா வாங்கினால் அதன்மேல் ஈயம் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். எங்களிடம் பெயிண்டுக்குப் பணம் இல்லை. செதிலை ஈரத் துணியால் துடைத்தெடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டி, சிறிது கோந்தும் துளி நீலமும் சேர்த்தால் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். சூன் மாதம் சாரல் தொடங்கினால் நம் வீட்டுச் சுவர்கள் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்குமே, அதைச் சுண்ணாம்பு ஓரளவு தடுக்கும். கண்ணில் தெறித்தால் புண்ணாக்கும் என்பதால் பெரியவர்கள்தான் அடித்தார்கள். நாங்கள் வாளி தூக்கினோம்.

மூன்றாவது படுக்கை. மூன்று வயதுக் குழந்தைக்குக் கட்டிலைவிடப் பாயே நல்லது, உருண்டாலும் விழாது. பத்தமடைக் கோரைப்பாயின் முரட்டு வகை விலை குறைவு, உடலுக்கும் குளிர்ச்சி. அதன்மேல் விரிக்க எங்கள் அம்மாக்களின் பழைய பருத்திச் சேலைகளை நான்காக மடித்து, ஓட்டுத் தையல் போட்டு மெத்தை விரிப்புத் தைத்தோம். வாரம் ஒருமுறை பாயை வெயிலில் போட வேண்டும். ஒரு கொசுவலையும் வாங்கினோம். மூடிய ஒற்றை அறையில் கொசுவர்த்திப் புகை குழந்தைக்கு இன்னொரு தொல்லை.

நான்காவது பொருள் வைக்கும் இடம். பழக்கடையில் மரப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஆணி நீக்கி, உப்புத்தாளால் தேய்த்துக் குழந்தையின் மார்பளவு உயரத்தில் அலமாரியாக வைத்தோம். அதைச் சுவரோடு கம்பியால் கட்டிவிட்டோம். குழந்தைகள் எதையும் பிடித்து ஏறுவார்கள். கட்டாத அலமாரி அவர்கள்மேல் சாயும். திரைக் கயிறு, தொட்டில் கயிறு போன்றவை கழுத்தில் சிக்கும் உயரத்தில் தொங்கக் கூடாது. மெழுகுவர்த்தியும் சிம்னி விளக்கும் அந்த மூலையில் கூடாது.

கடைசியாகத்தான் அலங்காரம். நாங்கள் காவல் தூதர் படம் ஒன்று கொண்டு போயிருந்தோம். ஆனால் அந்த வீட்டின் மாடத்தில் வேறு தெய்வத்தின் படம் விளக்கோடு இருந்தது. நாங்கள் கொண்டு போனதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். அதற்குப் பதில் குழந்தையின் கையைக் காவிக் குழம்பில் தோய்த்துச் சுவரில் பதித்தோம். ஒரு பக்கம் அவள் உயரத்துக்கு ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினோம். நடுவில் ஒரு மயில் வரைந்தோம். கோடு போடும்போது அவள் குதிகாலை உயர்த்தி எங்களை ஏமாற்றப் பார்த்தாள்!

உயிர்ப்பு ஞாயிறு

ஏப்ரல் 19 ஆம் நாள் இரவு பாஸ்காத் திருவிழிப்பு. இருண்ட கோயில் முற்றத்தில் புதுத்தீ மூட்டி, பாஸ்காத் திரியை ஏற்றி, அந்த ஒரே சுடரிலிருந்து ஆளுக்கு ஆள் ஒளியை வாங்கிக்கொண்டோம். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் நாற்பது பெட்டிகளோடு தெருவுக்குப் போனோம். அப்போது குற்றாலத்தில் அருவி வறண்டிருக்கும் நேரம். சீசனை நம்பிப் பிழைப்போருக்குக் கையில் காசு குறைந்த மாதம் அது. பிள்ளைகள் பெட்டியைத் திறந்து முட்டையில் தங்கள் எழுத்தைக் கண்டதும் போட்ட கூச்சல் தெருவையே எழுப்பிவிட்டது. ஒரு சிறுவன் முட்டையை உடைக்க மனமில்லாமல் கையில் வைத்துக்கொண்டே அலைந்தான். "கெட்டுப் போகும்டா, சாப்பிடு" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

அந்த அக்கா திண்ணையில், தட்டி நிழலில் சுளவோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே குழந்தை தன் மூலையில் உட்கார்ந்து, ஓலைப் பெட்டிக்குள் துணிப் பந்தைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள். "அது என் வீடு" என்று மூலையைக் காட்டி எங்களிடம் சொன்னாள். இருமல் அடியோடு நின்றுவிட்டது என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். ஆனால் உண்மை அதுவன்று. "கொஞ்சம் கொறஞ்சிருக்கு" என்றார் அக்கா. மழை வந்தால் சாரல் திண்ணையில் அடிக்கும், சுளவு மறுபடி உள்ளே போய்விடும். சூலை மாதம் நாங்கள் போய்ப் பார்த்தபோது அப்படித்தான் ஆகியிருந்தது. ஆனால் அவர் சுளவைக் கதவருகே வைத்துக்கொண்டு, குழந்தையின் மூலைக்குக் குறுக்கே தம் சேலை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தார். அது நாங்கள் சொல்லாதது, அவரே செய்தது. தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்கவும் தொடங்கியிருந்தார், பெருக்கினால் தூள் பறக்கும் என்று.

அன்புத் தங்கையரே! அடுத்த முறை தட்டிக்குப் பதில் சாரல் புகாத கூரை வேண்டும். அதற்கு எங்கள் உண்டியல் போதவில்லை. நீங்கள் திருநீற்றுப் புதனன்றே தொடங்குங்கள். பெட்டி முடைய ஓலையை ஒரு மாதம் முன்பே சொல்லி வையுங்கள். வயது கேட்டு மிட்டாய் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, எந்தப் பட்டியல் போடுவதற்கு முன்னும் அந்த வீட்டு வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சுவரிலுள்ள கோட்டுக்குப் பக்கத்தில் புதிய கோடு ஒன்று போடவும் மறக்காதீர்கள். அவள் இந்நேரம் இரண்டு அங்குலமாவது வளர்ந்திருப்பாள்.

— பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு